கையில் ஏழு ஜிபி... கனவில் ஹடூப்!

காலை மணி 10:59. நாளைக்குச் சென்னை எழும்பூரில் கிளம்பும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஒரு ஸ்லீப்பர் படுக்கை தட்கலில் கிடைத்துவிடாதா என்று செல்போனை வெறித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். கந்த சஷ்டி வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போகிற ரயில்தான். ஆனாலும் மாலையில் ஏறினால் விடிந்ததும் திருச்செந்தூர் என்பது சின்ன வசதியா?

மணி 11 ஆனதும் டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர்களின் தலையில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. லட்சக்கணக்கானவர்களை உள்ளே விட்டு, எந்த ரயில், எந்த வகுப்பு, எவ்வளவு கட்டணம் என்று உடனுக்குடன் காட்ட வேண்டும். இது முதல் வேலை. ஒரு படுக்கையை ஒருவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்குக் கொடுத்தால் ரயிலில் அடிதடி. இது இரண்டாவது. உள்ளே வந்தவர்களில் யார் மனிதர், யார் ஏஜென்ட் ஓடவிட்ட மென்பொருள் என்று கண்டுபிடிப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே டேட்டாபேஸ் செய்துவிடும் என்று எவராவது விற்க வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் தட்கல் நேரத்தில் இணையதளம் மூச்சுத் திணறுவது நாட்டின் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது. 2014-ல் புதிய தளம் வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று ஜெம்ஃபயர் என்ற மென்பொருள். தரவை வட்டில் வைக்காமல் பல கம்ப்யூட்டர்களின் மெமரியில் பிரித்து வைத்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும். அட்டவணை, வரிசை, பத்தி என்ற பழைய கட்டுக்கோப்பு அதற்குக் கிடையாது. ஒரு சாவி கொடுத்தால் ஒரு பொருள் வரும், அவ்வளவுதான். நோ-எஸ்க்யூஎல் என்று சொல்லப்படும் பெரிய குடும்பத்தில் இதுவும் ஓர் உறுப்பினர். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் விற்றதாக ரயில்வே அறிவித்தது.

ஆனால் படுக்கையை யாருக்கு ஒதுக்குவது என்ற கடைசி முடிவு ரயில்வேயின் சொந்த முன்பதிவு அமைப்பிடம்தான் இருக்கிறது. சென்னை உள்பட ஐந்து மையங்களில் ஓடும் கறாரான பேர்வழி அது. ஒரு பதிவு முடிந்தால் முழுதாக முடிய வேண்டும், இல்லையென்றால் நடக்கவே நடக்காதது போல் அழிய வேண்டும் என்ற பழைய பரிவர்த்தனை ஒழுக்கம் அதனுடையது. மூன்றாவது வேலையின் பலன் 2025-ல் செய்தியானது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நடக்கும் லாக்-இன் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களே அல்ல என்றது ரயில்வே. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. இப்படி ஒரு முடிவுக்கு வர ஒரு டிக்கெட்டைப் பார்த்தால் போதாது. மாதக்கணக்கில் குவிந்த பதிவுகளை மொத்தமாகப் புரட்டி, எந்தக் கணக்கு மனித விரலால் முடியாத வேகத்தில் படிவம் நிரப்பியது என்று தேட வேண்டும். பிக் டேட்டா தளங்கள் பிறந்தது இந்த மாதிரி வேலைக்காகத்தான்.

எனவே, "மோங்கோடிபி நல்லதா, ஹடூப் நல்லதா?" என்று கேட்கும் தொழிலதிபருக்குப் பதில் சொல்வது கஷ்டம். கேள்வியிலேயே கோளாறு. மோங்கோடிபி நோ-எஸ்க்யூஎல் குடும்பம், ஹடூப் பிக் டேட்டா தளம். ஒன்று, "இந்த வாடிக்கையாளரின் ஆர்டர் இப்போது எங்கே?" என்று கேட்டால் கண் இமைப்பதற்குள் சொல்வது. மற்றது, "போன மூன்று ஆண்டுகளில் எந்த ஊர் ஆர்டர்கள் அதிகம் திரும்பி வந்தன?" என்று கேட்டால், எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து சொல்வது. முதலாவதிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால் கடையே ஸ்தம்பித்துவிடும். இரண்டாவதிடம் முதல் கேள்வியைக் கேட்டால் வாடிக்கையாளர் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த இரண்டும் ஏன் தனித்தனியாக வந்தன?

இரண்டுக்கும் முன்னால் இருந்த அட்டவணை டேட்டாபேஸில் இருந்து தொடங்குவோம். திருச்செந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் மூலைப்பொழி என்ற சிற்றூரில் பிறந்தவர் ஷிவ் நாடார். முருகன் கோயில் பெருந்திட்டத்துக்கு 200 கோடி ரூபாய் கொடுத்தவர் என்றால் இன்றைய பக்தர்களுக்குச் சட்டென்று விளங்கும். 1976-ல் அவர் நண்பர்களோடு தொடங்கிய ஹெச்.சி.எல்., 1983-லேயே சொந்தமாக ஓர் உறவுமுறை டேட்டாபேஸை உருவாக்கியதாகத் தன் வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறது. ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையில் இருந்து முளைத்த யோசனை அது. எல்லாவற்றையும் அட்டவணைகளாக வை, ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதாதே, தேவைப்படும்போது சேர்த்துப் படித்துக்கொள். வங்கி, மின்வாரியம், ஜவுளிக்கடை பில் எல்லாம் அதன் மேல்தான் ஓடின. இன்றும் பெரும்பாலும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

2000-க்குப் பிறகு இரண்டு கம்பெனிகளுக்கு இரண்டு விதமான தலைவலி வந்தது. கூகுளுக்கு, உலகத்தின் இணையப் பக்கங்கள் முழுவதையும் படித்துத் தேடலுக்கான அடைவு போட வேண்டும். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் போதாது. ஆயிரக்கணக்கான மலிவு கம்ப்யூட்டர்களில் தரவைத் துண்டு துண்டாகப் போட்டு, வேலையையும் பிரித்துக் கொடுத்து, விடையை மட்டும் கூட்டிச் சேர்க்கும் முறையை 2003, 2004-ல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு டக் கட்டிங் முதலானோர் உருவாக்கியதுதான் 2006-ல் பெயர் சூட்டப்பட்ட ஹடூப். கட்டிங்கின் மகன் வைத்து விளையாடிய மஞ்சள் யானைப் பொம்மையின் பெயர் அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பார்க், அதே வேலையைப் பெரும்பாலும் மெமரியிலேயே வைத்துச் செய்து வேகம் கூட்டியது.

அமேசானின் தலைவலி வேறு. வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடையில் போடும்போது, "சர்வர் வேலை செய்யவில்லை, பிறகு வாருங்கள்" என்று சொல்லவே கூடாது. இதற்காகக் கட்டிய டைனமோ என்ற டேட்டாபேஸைப் பற்றி 2007-ல் வெளியான கட்டுரையில் ஒரு நேர்மையான ஒப்புதல் இருக்கிறது. கூடையில் சேர்த்தது ஒருநாளும் தொலையாது. ஆனால் நீக்கியது சில வேளை திரும்ப முளைத்துவிடும் என்கிறார்கள். அந்தச் சின்ன அசிங்கத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் விற்பனை நிற்கவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லட்சுமண் பிறகு ஃபேஸ்புக்குக்குப் போய், பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து கஸாண்ட்ரா என்ற டேட்டாபேஸை உருவாக்கினார். 2008-ல் அது திறமூலமாக வெளியே வந்தது. அடுத்த ஆண்டு மோங்கோடிபி வந்தது. நோ-எஸ்க்யூஎல் என்ற பெயர் பிரபலமானதும் அந்த 2009-ல்தான்.

வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம்

கம்ப்யூட்டர் வகுப்பில் மாணவர்களைக் குழப்பும் ஒரு தேற்றம் இருக்கிறது. 2000-ல் எரிக் ப்ரூவர் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து வியாபாரிகளுக்கு அதை விளக்க கரும்பலகை வேண்டாம். 2023 டிசம்பர் 17 போதும்.

அன்றிரவு திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனதால், ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. சாலை துண்டிப்பு, மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் ஊமை.

இப்போது திருச்செந்தூரிலும் திருநெல்வேலியிலும் கடை வைத்து, இரண்டுக்கும் ஒரே சரக்குக் கணக்கு வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவே இணைப்பு அறுந்துவிட்டது. திருச்செந்தூர்க் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, வாசலில் ஆள் நிற்கிறார், அரிசி மூட்டை கேட்கிறார். கணக்கு ஒத்துவரும்வரை விற்க மாட்டேன் என்று மென்பொருள் சொல்லலாம். அல்லது, இப்போது விற்றுவிடுகிறேன், லைன் வந்ததும் நேர்செய்துகொள்ளலாம் என்றும் சொல்லலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அந்தத் தேற்றத்தின் சாரம் இவ்வளவே.

கஸாண்ட்ரா பொதுவாக இரண்டாவது கட்சி. மோங்கோடிபி முதல் கட்சிப் பக்கம் சாய்வது. தன் கூட்டத்தில் பெரும்பான்மையோடு தொடர்பு அறுந்த சர்வர், எழுத மறுத்துவிடும். ஆக, நோ-எஸ்க்யூஎல் என்றாலே இப்படித்தான் என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. அரிசி மூட்டையை விற்றுவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம். சூரசம்ஹாரத்தன்று லாட்ஜில் கடைசி அறையை அப்படி விற்க முடியாது, நகைக்கடையில் தங்கத்தையும் விற்க முடியாது. எதில் தவறு வந்தால் தாங்குவோம், எதில் தாங்க மாட்டோம் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் பையன் சொல்ல முடியாது. பெரும்பாலான கம்பெனிகளில் இந்த முடிவை அந்தப் பையன்தான், யாரும் கேட்காமலே, எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஏலச் சீட்டு

நோ-எஸ்க்யூஎல்லின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்க, மீன் ஏலம் நடக்கும் அமலிநகர் கரைக்கோ, மணப்பாட்டுக்கோ போகலாம். ஒரு படகு சீலாவும் பாறையும் கொண்டுவருகிறது, கிலோவுக்கு விலை. இன்னொன்றில் சிங்கி இறால். உயிரோடு இருக்கிறதா, எந்த அளவு என்று பார்த்து விலை. மூன்றாவதில் கூடை கூடையாகச் சாளை. இதையெல்லாம் ஒரே அட்டவணையில் அடைக்கப் போனால் நாற்பது பத்தி வைத்து, முப்பத்தைந்தைக் காலியாக விட வேண்டும். மோங்கோடிபி மாதிரி ஆவண டேட்டாபேஸில் ஒவ்வொரு படகின் வரவும் ஒரு தனிச் சீட்டு. இறால் சீட்டில் உயிர் உண்டா என்று ஒரு கட்டம், சாளைச் சீட்டில் கூடை எத்தனை என்று ஒரு கட்டம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். புதிதாக ஒரு மீன் வந்தால் புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் உடன்குடி கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சேர்த்து விற்பவருக்கும் இதே சௌகரியம்.

முதல் ஆறு மாதம் சொர்க்கம். பிறகு வருஷக் கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் தெரியும். ஒருவர் சீலா என்று எழுதியிருப்பார், சென்னையில் இருந்து வந்த கணக்கர் வஞ்சிரம் என்று எழுதியிருப்பார், மூன்றாமவர் நெய்மீன் என்று. மூன்றும் ஒரே மீன்தான். எடை ஒரு சீட்டில் எண்ணாக இருக்கும், இன்னொன்றில் "பன்னிரண்டு கிலோ சொச்சம்" என்று எழுத்தாக இருக்கும். டேட்டாபேஸ் கேட்காத கட்டுப்பாட்டை நாம் கேட்டிருக்க வேண்டும். அட்டவணைக்கு உரிய ஒழுங்கு எங்கும் தொலைந்துவிடுவதில்லை. மென்பொருளுக்குள்ளும் ஊழியர் தலைக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறது. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

பிக் டேட்டா தளத்தின் கவர்ச்சி இதைவிடப் பெரியது: எதையும் தரம் பிரிக்காமல் அப்படியே கொட்டி வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் டேட்டா லேக். இந்தக் கரைக்கு இது புதிதே அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் கொட்டு என்று அழைக்கப்பட்ட அடைப்புகளுக்குள் குவிப்பார்கள். திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு, அலசி அலசிப் பார்த்தால்தான் உள்ளே ஆணிமுத்து இருக்கிறதா, வெறும் தூளா என்று தெரியும். டேட்டா லேக்கில் நடப்பதும் அச்சு அசல் இதுதான். அழுகும் நாற்றம் மட்டும் மாதக் கடைசியில் பில்லாக வரும்.

ஆனால் முத்துக்குளிப்பை நடத்திய அரசாங்கம் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது. சிப்பி கிடக்கும் கடல் பார்களைச் சோதித்து, கொஞ்சம் சிப்பிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து, அலசி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் குளிப்பை அறிவிக்கும். தேறாத ஆண்டுகளில் கப்பல் கூட்டவில்லை, கூடாரம் அடிக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இன்றைக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் மீன்வரத்தை ஒவ்வொரு படகாக எண்ணிக் கணக்கிடுவதில்லை. முறைப்படி மாதிரிகள் எடுத்தே மதிப்பிடுகிறது. எல்லாத் தரவும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மேலாளர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு கடை. ஒரு நாளைக்கு ஆயிரம் பில் போடுகிறது. திருச்செந்தூர் மாதிரி ஊரில் அது நல்ல வியாபாரம். ஒரு பில்லுக்கு இரண்டு கிலோபைட் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,65,000 பில். பத்து ஆண்டுக்கு 36.5 லட்சம். மொத்தம் 7.3 ஜிபி. ரத வீதியில் செல்போன் கடையில் விற்கும் மிகச் சிறிய பென் டிரைவிலேயே இதை வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் பக்திப் பாடல் ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைக்காரரிடம் ஹடூப் ஓடும் கம்ப்யூட்டர் கூட்டம் (கிளஸ்டர்) பற்றிப் பேசுகிறவருக்கு ஒன்று தொழில் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

இது சிறு கடைக்கு மட்டும் பொருந்தும் கதையும் அல்ல. கூகுளின் பிக்குவெரி என்ற பிக் டேட்டா சேவையைத் தொடக்கத்தில் இருந்து கட்டிய பொறியாளர்களில் ஒருவரான ஜோர்டன் டிகானி 2023-ல், பிக் டேட்டா செத்துவிட்டது என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோரிடம் ஒரு டெராபைட் தரவுகூட இல்லை என்பது அவர் நேரில் கண்டது. பிக் டேட்டா விற்றவரே சொன்னது என்பதால் எடை அதிகம்.

என் கணிப்பு: இந்தக் கரையில் இருக்கும் உப்பளக் கம்பெனி, ஐஸ் ஆலை, லாட்ஜ், இறால் ஏற்றுமதியாளர், ஜவுளிக்கடை இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற அட்டவணை டேட்டாபேஸே போதும். ஏலச் சீட்டு மாதிரி வடிவம் மாறும் தகவல்களையும் போஸ்ட்கிரெஸ் 2014 முதலே ஜேசன்பி என்ற வடிவில், அட்டவணைக்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறது. மறுபக்கம் மோங்கோடிபியும் 2018-ல் பல ஆவணங்களைச் சேர்த்து நடத்தும் கறார்ப் பரிவர்த்தனையைக் கற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டு முன்பு எதிரெதிராக நின்றவை இன்று ஒன்றின் வேலையை ஒன்று செய்து பழகிவிட்டன.

மீதி பத்தில் ஒருவர்? அவர் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வாசலில் இருக்கிறார். வெளிநாட்டு வணிகத்துக்கான கன்டெய்னர்களில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை ஒட்டி, துறைமுக வாசல், சுங்கச்சாவடி, சரக்கு நிலையம் என்று கடக்கும் இடமெல்லாம் பதியும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் திட்டம் 2016-ல் மும்பையை அடுத்த நவசேவா துறைமுகத்தில் தொடங்கி, தூத்துக்குடிக்கும் வந்திருக்கிறது. நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட கன்டெய்னர் எண்ணைத் தட்டினால் பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். சாவி கொடுத்துப் பொருள் எடுக்கும் வேலை, நோ-எஸ்க்யூஎல்லுக்கு என்றே அளந்து தைத்தது போல. எந்தக் கிழமை, எந்த மணி நேரத்தில் வாசலில் லாரி தேங்குகிறது என்று பல ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பது பிக் டேட்டா தளத்தின் வேலை. ஓயாமல் வந்து விழும் பதிவுகள், நாடு முழுக்க அட்டைகள், இரண்டு விதமான கேள்விகள் என்று இருக்கும் இடத்தில் இரண்டையும் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆதாரைக் கட்டியவர்களும் மைஎஸ்க்யூஎல், மோங்கோடிபி, ஹெச்பேஸ், ஹடூப் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கட்டினார்கள்.

வாங்குவதற்கு முன்

சொந்த கிளஸ்டர் வாங்கும் ஆசை உலகத்திலேயே குறைந்துவிட்டது. ஹடூப்பை விற்று வளர்ந்த கிளவுடெராவும் ஹார்ட்டன்வொர்க்ஸும் 2019 ஜனவரியில் ஒன்றாக இணைந்தன. மூன்றாவதான மேப்-ஆரின் சொத்துகளை அதே ஆண்டில் ஹெச்.பி.இ. வாங்கிக்கொண்டது. கூட்டம் மேகக் கணினிக்கு நகர்ந்துவிட்டது. பிக்குவெரியில் கேள்விக்குக் கட்டணம், படித்த தரவின் அளவைப் பொறுத்தது; டெபிபைட்டுக்கு (ஏறத்தாழ ஒரு டெராபைட்) 6.25 டாலர் முதல், மாதத்தின் முதல் டெபிபைட் இலவசம். நம் கடையின் 7.3 ஜிபியை மாதம் நூறு முறை முழுதாகப் புரட்டினாலும் காசு கிடையாது. அதே இடத்தில், பல டெராபைட் வைத்திருக்கும் கம்பெனியில் ஒரு பொறியாளர் தேவையான பத்தியை மட்டும் கேட்காமல், எல்லாம் கொடு என்று தினமும் ஒரு கேள்வியை ஓடவிட்டால் மாதக் கடைசியில் முதலாளிக்கு வியர்க்கும்.

நோ-எஸ்க்யூஎல் பக்கம் வேறொரு செலவு. நிறுவுவது சுலபம் என்பதாலேயே பூட்டுப் போட மறந்துவிடுவார்கள். 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மோங்கோடிபி சர்வர்களில் புகுந்து, தரவை அழித்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருவோம் என்று சீட்டு வைத்தார்கள். சில நாட்களில் 27,000-க்கும் மேற்பட்ட சர்வர்கள் அப்படிக் காலியாயின. உள்ளே புகப் பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

உரிமத்தையும் பார்க்க வேண்டும். எல்லோரும் இலவசம் என்று நம்பிய ரெடிஸ் என்ற நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் தன் உரிமத்தை இறுக்கியது. உடனே பெரிய கம்பெனிகள் சேர்ந்து வால்கி என்று அதன் ஒரு கிளையைத் தனியே பிரித்துக்கொண்டன. அடுத்த ஆண்டே ரெடிஸ் மறுபடி திறமூல உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, என் தரவை முழுதாக வெளியே எடுக்க எத்தனை நாள், எந்த வடிவில் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சட்டம். திருச்செந்தூரில் அறை எடுக்கிறவர் பெரும்பாலும் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுத்தான் சாவி வாங்குகிறார். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது. தன் விவரத்தை நீக்கும்படி கேட்கும் உரிமையும் அதன் சொந்தக்காரருக்கு உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அட்டவணை டேட்டாபேஸில் ஒருவரின் பதிவை அழிப்பது ஒரு வரிக் கட்டளை. கஸாண்ட்ராவில் அழித்தது உடனே அழியாது. அழிக்கப்பட்டது என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டு, வழக்கமாகப் பத்து நாள் கழித்தே நிஜமாகத் துடைக்கும் வேலையைத் தொடங்கும். டேட்டா லேக்கிலோ, அந்த ஒரு மனிதரின் பெயர் எந்தெந்தக் கோப்பில், எத்தனை நகலில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். லாட்ஜ் முதலாளிகள் இப்போதைக்கு வரவேற்பு மேசை செல்போனின் வாட்ஸ்அப்பில் குவிந்து கிடக்கும் ஆதார் படங்களில் இருந்து தொடங்கலாம்.